மரத்தடி, குகை, பாறை: நாஞ்சில் நாட்டு மலைகளில் தியானத்தில் உட்கார்ந்தவர்கள்

1/ வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி ஒரு படம் சுற்றும். பெரிய பாறை, அதில் வரிசையாகச் செதுக்கிய உருவங்கள், கீழே ஒரு வரி: "குமரி மாவட்டத்தில் புத்த பிக்குகள் தியானம் செய்த குகை." படத்தில் இருப்பது சிதறால் மலை. மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கி.மீ. பகிர்பவர்களுக்குப் பெருமை, எதிர்ப்பவர்களுக்குக் கோபம். கமெண்டில் அடிதடி.

2/ அந்த வரியில் பாதி சரி, பாதி தப்பு. தியானம் செய்தார்கள் என்பது சரி. புத்த பிக்குகள் என்பது தப்பு. ஆனா அந்தக் குழப்பம் ஏன் வருது, உண்மையில் அங்கே யார் இருந்தாங்க, பௌத்தத்துக்கும் நம்ம மலைகளுக்கும் என்ன தொடர்பு? இன்னைக்கு இதைத்தான் பார்க்கப் போறோம். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க மக்களே.

3/ முதல்ல அடிப்படை. பௌத்தத்தில் தியானத்துக்கான முக்கியமான பாலி சூத்திரங்கள் இரண்டு. ஒன்று சதிபட்டான சூத்திரம், இன்னொன்று ஆனாபானசதி சூத்திரம். இரண்டும் மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளவை. மூச்சைக் கவனிப்பது எப்படி என்று சொல்வதற்கு முன்பே இரண்டும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. எங்கே உட்காருவது?

4/ காட்டுக்குப் போ, இல்லன்னா ஒரு மரத்தடிக்குப் போ, அதுவும் இல்லன்னா ஆளில்லாத இடத்துக்குப் போ. இதுதான் வரிசை. அப்புறம்தான் காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பார்ப்பது எல்லாம். பயிற்சியின் முதல் படியே இடம்தான். நாமோ ஏசி ரூம், ஹெட்போன், மொபைல் ஆப் என்று நேரா இரண்டாவது படியில் ஏறுகிறோம்.

5/ புத்தர் வாழ்க்கையையே பாருங்க. பிறந்தது லும்பினியில் மரத்தடியில். ஞானம் பெற்றது கயாவில் அரச மரத்தடியில். முதல் உபதேசம் சாரநாத்தில் மான்கள் திரிந்த தோப்பில். உயிர் பிரிந்தது குசிநாராவில் இரண்டு சால மரங்களுக்கு நடுவில். முக்கியமான நாலு சம்பவமும் கூரைக்கு வெளியே நடந்தவை.

6/ ஐந்தாவதாக ஒரு மரம் உண்டு. அதைப் பலரும் பேசுவதில்லை. நாவல் மரம். ஞானம் பெறுவதற்கு முன் சித்தார்த்தன் ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்து உடம்பை வதைத்தான். எலும்பும் தோலுமாக ஆன பிறகும் எதுவும் கிடைக்கவில்லை. அப்போது ஒரு சின்ன வயசு ஞாபகம் வருகிறது.

7/ அப்பா வேலையில் இருந்தபோது, ஒரு நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் தனியாக உட்கார்ந்திருந்ததும், யாரும் சொல்லித் தராமலே மனசு தானாக அடங்கியதும் ஞாபகத்துக்கு வருகிறது. "இதுதான் வழியோ" என்று அவனுக்குத் தோன்றுகிறது. பட்டினியை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறான். மகாசச்சக சூத்திரத்தில் புத்தரே இதைச் சொல்வதாக வருகிறது.

8/ அப்பா என்ன வேலையில் இருந்தார் என்று பிற்கால உரைகள் சொல்கின்றன. ஏர் பூட்டும் விழா. எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். ஏன்னா நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரை வைத்திருக்கிற நாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது, வரப்பு ஓரத்து மரநிழல் நமக்குத் தெரியாத இடமா என்ன?

9/ சரி, வெளியே போய் உட்கார் என்று சொல்லிவிட்டால் போதுமா? கொசு, பாம்பு, மழை, வெயில், பசி? பழைய பௌத்தர்கள் இதையெல்லாம் நல்லா யோசித்திருக்கிறார்கள். ஒரு மருத்துவராக என்னை அசத்துவது இந்தப் பகுதிதான்.

10/ 5-ஆம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய நூல் விசுத்திமக்கம். தியானத்துக்கான பெரிய கையேடு. இவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை இவருடைய உரைநூலின் முடிவுரை சொல்கிறது. ஆக, தமிழ் மண்ணுக்கு அந்நியர் இல்லை. தியானத்துக்கு ஆகாத இடத்தின் குறைகள் என்று இந்த நூல் 18 குறைகளைப் பட்டியல் போடுகிறது.

11/ சில சாம்பிள்: ரொம்பப் பெரிய மடம் (ஆள் அதிகம், சண்டை அதிகம்). ரொம்பப் புதுசு (கட்டட வேலை ஓயாது). ரொம்பப் பழசு (ரிப்பேர் ஓயாது). சாலை ஓரம் (விருந்தாளி தொல்லை). துறைமுகம் பக்கம். நகரத்துக்குப் பக்கம். ஒத்துப்போகாத ஆட்கள் இருக்கும் இடம். இன்னொன்று: புகழ்பெற்ற இடம்.

12/ புகழ்பெற்ற இடம் ஏன் ஆகாது? அங்கே இருப்பவர் பெரிய மகான் என்று நினைத்து ஜனங்கள் பார்க்க வந்துகொண்டே இருப்பார்கள். உட்கார விடமாட்டார்கள். இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு இன்றைய கன்னியாகுமரி கடற்கரைக்குப் போனால் எத்தனை குறை தேறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்க.

13/ நல்ல இடத்துக்கு 5 தகுதிகள். ஊருக்கு ரொம்பத் தூரமும் இல்லாமல் ரொம்பக் கிட்டவும் இல்லாமல், போய்வர வழியோடு இருக்கணும். பகலில் கூட்டமும் இரவில் சத்தமும் குறைவா இருக்கணும். ஈ, கொசு, காற்று, வெயில், ஊர்வன தொல்லை குறைவா இருக்கணும். சாப்பாடு, துணி, மருந்து சிரமமில்லாமல் கிடைக்கணும். சந்தேகம் கேட்க ஒரு பெரியவர் இருக்கணும்.

14/ கொசு குறைவு, மருந்து கிடைக்கணும்! பொதுசுகாதார அதிகாரி எழுதிய அறிக்கை மாதிரி இல்லையா? காட்டில் வாழும் விரதம் எடுத்த பிக்குவுக்கும் ஊரிலிருந்து குறைந்தது 500 வில் தூரம் என்று கணக்கு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தினமும் பிச்சைக்கு ஊருக்கு நடந்து வந்து திரும்பணுமே. ஊரை முழுசா வெட்டிவிட்டுப் போவது அவர்கள் நோக்கமில்லை.

15/ மழைக்கும் விதி உண்டு. மழைக்காலத்தில் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்கணும். அந்தக் காலத்தில் வெட்டவெளியிலோ மரப்பொந்திலோ தங்கக்கூடாது, ஒழுங்கான கூரை வேணும் என்று வினய நூல் கண்டிப்பாகச் சொல்கிறது. வெளியில் உட்காருவது நல்லது, ஆனால் நனைந்து காய்ச்சலில் கிடப்பது தவம் ஆகாது. இரண்டு பருவமழையும் வாங்கும் நம்ம மாவட்டத்துக்கு இது நல்லாவே புரியும்.

16/ பாம்பு? ஒரு பிக்கு பாம்பு கடித்து இறந்துபோனதாக ஒரு சூத்திரம் இருக்கிறது. அதற்குப் புத்தர் சொன்ன பதில், பாம்புக் குலங்கள் நாலின் மீதும் அன்பைப் பரப்புங்கள் என்பது. பிறகு காலில்லாதவை, இரண்டு கால், நாலு கால், பல கால் உள்ளவை என்று எல்லா உயிருக்கும் அந்த அன்பு விரிகிறது. காட்டில் உட்கார்ந்தவன் காட்டின் விருந்தாளி. அந்த நினைப்பிலிருந்து வந்த மைத்ரி தியானம் இது.

17/ இப்போ சிதறாலுக்கு வருவோம். பழைய பெயர் திருச்சாரணத்துமலை. உள்ளூரில் சொக்கன்தூங்கி மலை என்றும் சொல்வார்கள். சாரணர் என்றால் ஜைன மரபில் ஆற்றல் பெற்ற துறவிகள். அவர்கள் பெயரே மலைக்குப் பெயராகிவிட்டது. மேலே ஒரு பெரும் பாறை கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கீழே இயற்கையான நிழல். பக்கத்திலேயே தண்ணீர்.

18/ பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பார்சுவநாதர், பத்மாவதி, அம்பிகை எல்லாரும் உண்டு. ஆக இது ஜைனர்களின் இடம். அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் ஏன் "புத்தர் குகை" என்று கிளம்புகிறது?

19/ காரணம் 1: சொல். "சமணர்" என்பது "சிரமணர்" என்ற சொல்லிலிருந்து வந்தது. வேத மரபுக்கு வெளியே நின்று தவம் செய்த எல்லாத் துறவிகளுக்கும் அது பொதுப்பெயர். பௌத்தரும் சிரமணர்தான், ஜைனரும் சிரமணர்தான். தமிழில் காலப்போக்கில் சமணர் என்றால் ஜைனர் என்று ஆகிவிட்டது. பௌத்தர்களைத் தேரர், சாக்கியர் என்று பிரித்துச் சொன்னார்கள்.

20/ காரணம் 2: உருவம். இரண்டு பேரும் காலை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி: தீர்த்தங்கரர் தலைக்குமேல் முக்குடை இருக்கும், உடம்பில் பெரும்பாலும் துணி இருக்காது. புத்தருக்குத் தோளில் சீவர ஆடையும், உச்சந்தலையில் முடிச்சு மாதிரி ஒரு மேடும் இருக்கும்.

21/ பாம்பு படம் எடுத்தபடி பின்னால் நின்றால் இன்னும் குழப்பம். பார்சுவநாதருக்கும் பாம்புக் குடை உண்டு, புத்தருக்கும் உண்டு. புத்தர் ஞானம் பெற்ற பிறகு வெளியில் உட்கார்ந்திருக்கையில் ஏழு நாள் மழை பெய்ததாகவும், முசலிந்தன் என்ற நாகராசன் அவரைச் சுற்றிக் குடை பிடித்ததாகவும் கதை. வெட்டவெளித் தியானத்தின் ஆபத்தும் துணையும் ஒரே பாம்பு வடிவத்தில்!

22/ சிதறாலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. அரட்டநேமி படாரரின் சீடர் குணந்தாங்கி குறத்திகள் என்பவர் இந்த மலையின் தேவிக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது.

23/ குறத்திகள் என்றால் குறவர் இனப் பெண் இல்லை. ஜைன மரபில் பெண் குருவை, பெண் துறவியைக் குறிக்கும் சொல். அதாவது, சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் இந்த மலையோடு தொடர்புகொண்ட ஒரு பெண் துறவியின் பெயர் கல்லில் நமக்குக் கிடைத்திருக்கிறது. படம் பகிர்ந்து சண்டை போடுபவர்களில் எத்தனை பேர் இந்த அம்மாவின் பெயரைச் சொல்கிறார்கள்?

24/ இப்போதான் கதை சூடு பிடிக்குது. இதே விக்கிரமாதித்த வரகுணன் பெயரில் இன்னொரு ஆவணம் உண்டு. பாலியம் செப்பேடு. கேரளக் கடற்கரையில் இருந்த திருமூலபாதம், அதாவது ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்த விகாரைக்கு அவன் நிலம் கொடுத்த சேதி அதில் இருக்கிறது. ஜைனப் பெண் துறவியின் கல்வெட்டில் இருக்கும் அதே மன்னன், பௌத்த விகாரையின் செப்பேட்டிலும் இருக்கிறான்.

25/ அவனுக்கு முன் ஆண்ட கருநந்தடக்கன், 866-ல் இதே பகுதியில் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும், 95 மாணவர் படிக்க ஒரு வேதக் கல்விச்சாலையும் அமைத்தவன். ஒரே சின்ன அரச மரபு. வைணவக் கோயில், ஜைன மலை, பௌத்த விகாரை மூன்றோடும் அதன் பெயர் சேர்ந்து நிற்கிறது. நம்ம மாவட்டத்துப் பௌத்தத் தொடர்புக்கு உறுதியான சான்று கேட்டால், சிதறால் படத்தைக் காட்டாதீங்க. இந்தச் செப்பேட்டைக் காட்டுங்க.

26/ 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் சிதறால் பகவதி கோயில் ஆகிறது. தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையிலேயே இருந்தன, விளக்கு பகவதிக்கு எரிந்தது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் இருக்கின்றன. பெயர் மாறும், வழிபாடு மாறும், ஆனால் இடம் அமைதிக்கான இடமாகவே தொடர்ந்தது. இதைத்தான் மனசில் வைத்துக்கச் சொல்றேன்.

27/ பௌத்தத்தின் பெரிய சுவடு நமக்கு வடக்கே, மலைத்தொடரில் இருக்கிறது. பொதிகை. 1,868 மீட்டர் உயரம். தாமிரபரணி பிறக்கும் இடம். 7-ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி யுவான் சுவாங், தென்கோடியில் கடலுக்குப் பக்கத்தில் உள்ள மலய மலையையும் அதற்குக் கிழக்கே போதலகம் என்ற மலையையும் பற்றி எழுதியிருக்கிறார். உச்சியில் ஒரு ஏரி, ஏரிக்கரையில் அவலோகிதேசுவரர் வந்து தங்கும் கல்மாளிகை, அங்கிருந்து இறங்கித் தென்கடலுக்குப் போகும் ஆறு.

28/ யுவான் சுவாங் நேரில் இங்கே வரவில்லை, காஞ்சிபுரம் பக்கம் கேட்டதை எழுதினார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போதலகம்தான் பொதிகை என்று அடையாளம் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசாகா. இது ஆய்வு முடிவு, கல்வெட்டுச் சான்று இல்லை. அந்த வித்தியாசத்தோடு இதை எடுத்துக்கணும்.

29/ அதே சமயம், தமிழ்ச் சான்று ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரனார் எழுதிய இலக்கண நூல் வீரசோழியம். அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்கிறது அது. பொதிகை அகத்தியர் மலை என்பது எல்லாருக்கும் தெரியும். பௌத்தர்களுக்கு அவர் அவலோகிதரின் மாணவர். திபெத்தின் லாசாவில் இருக்கும் போதல அரண்மனைக்குப் பெயர் வந்ததும் இந்தப் போதலகத்திலிருந்துதான்.

30/ அடுத்து கன்னியாகுமரி போகும் வழியில் மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. மூலிகைக்குப் பேர்போன இடம். 1888-ல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிக் கேரளச் சமூக வரலாற்றையே திருப்பிய நாராயண குரு, அதற்கு முன்பு தவம் செய்தது இந்த மலையில் உள்ள பிள்ளைத்தடம் குகையில்தான். கோயிலுக்குள் விடப்படாத சாதியில் பிறந்தவருக்கு, கதவே இல்லாத குகையில் யார் தடை சொல்ல முடியும்?

31/ இதை ஒரு நிமிஷம் யோசிங்க. மலைக்கும் மரத்தடிக்கும் நுழைவுத் தகுதி கிடையாது. பெண் துறவிக்கும் இடம் இருந்தது, ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவருக்கும் இடம் இருந்தது. புத்தர் காடு, மரத்தடி, ஆளில்லாத இடம் என்று சொன்னபோது அதில் இந்த வசதியும் சேர்ந்தே இருந்தது. அந்த மூன்றுக்கும் யாரிடமும் சாவி வாங்க வேண்டியதில்லை.

32/ 1892 டிசம்பர் 25, 26, 27. கன்னியாகுமரிக் கடல் நடுவே பாறையில் விவேகானந்தர். பலருக்குத் தெரியாதது, அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1886-ல், அவர் இரண்டு நண்பர்களோடு புத்தகயாவுக்குப் போய் போதி மரத்தடியில் தியானம் செய்திருக்கிறார். குமரிப் பாறையில் அவர் மனசில் ஓடியது நாட்டின் ஏழ்மையும், ஏழைகளுக்குக் கல்வி கொண்டுபோகும் திட்டமும் என்பது 1894-ல் அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இடம் ஒன்று, தியானம் வேறு வேறு.

33/ 1970-ல் அந்தப் பாறையில் நினைவு மண்டபம் வந்தது. 2000-ல் பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர். 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். எல்லாம் பெருமைதான், நானும் போய்ப் பார்ப்பேன். ஆனா அந்த மூன்று நாள் அங்கே இருந்த தனிமை இப்போ கிடையாது. விசுத்திமக்கம் "புகழ்பெற்ற இடம்" என்று எழுதிய குறை இதுதான்.

34/ சரி டாக்டர், வெளியே உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன லாபம்? 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் சயன்ஸ் இதழில் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரியும், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வீரியமான வலி மருந்தும் மரக் கூட்டத்துக்குக் குறைவாகத் தேவைப்பட்டது.

35/ 46 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்து "மரம் நோயைக் குணமாக்கும்" என்று சொல்ல முடியாது. தியானத்துக்கும் அப்படித்தான். பதற்றம், தூக்கக் குறைவு, நாள்பட்ட வலி இவற்றில் ஓரளவு உதவும். ரத்த அழுத்தத்தில் கொஞ்சம் குறையலாம். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, மனநல மருந்து எதையும் தியானத்தை நம்பி நிறுத்தாதீங்க. காதில் குரல் கேட்பது, தற்கொலை எண்ணம் இருந்தால் மலைக்குப் போவதற்கு முன்னால் மருத்துவரிடம் வாங்க.

36/ வெளியில் உட்காருபவர்களுக்கு என் பிரிஸ்கிரிப்ஷன். விடியற்காலை அல்லது சாயங்காலம், 20 நிமிஷம். தண்ணீர் பாட்டில். செருப்பைவிட ஷூ நல்லது. பாறை இடுக்கில் கை விடாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், அது வருவதையும் போவதையும் கவனித்தால் போதும். மனசு ஓடினால் திரும்பக் கூட்டிட்டு வாங்க. நூறு தடவை ஓடினால் நூறு தடவையும். தனியாகப் போவதாக இருந்தால் வீட்டில் சொல்லிட்டுப் போங்க.

37/ பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆசாரிப்பள்ளம் மாதிரி அரசு மருத்துவமனைக்கு. புதர்ப் பக்கம் உட்கார்ந்து வந்த சில நாளில் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கருப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்க. ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மாத்திரையிலேயே சரியாகும்.

38/ கடைசி விஷயம். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் சமணர் கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உள்ள மலையை 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே ஊர்மக்கள் போராடியது மலை யார் மதம் என்பதற்கு இல்லை, மலை இருக்கணும் என்பதற்கு.

39/ நம்ம மாவட்டத்தில் பாறை உடைத்து லாரி லாரியாகக் கொண்டுபோவதை எதிர்த்து எத்தனை வருஷமாகக் குரல் எழும்புகிறது என்று உங்களுக்கே தெரியும். சிதறால் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருப்பதால் தப்பித்தது. பேரில்லாத, கல்வெட்டில்லாத எத்தனையோ குன்றுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கேயும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சான்று விட்டுப் போகாத ஆட்கள்தானே அதிகம்?

40/ சிதறால் ஜைனரா, பௌத்தரா, பகவதியா என்று சண்டை போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனிங்க. இந்த மூன்று கூட்டமும் அந்த இடத்தில் விரும்பியது ஒன்றையேதான்: கொஞ்சம் நிழல், கொஞ்சம் தண்ணீர், நிறைய அமைதி. பெயரைச் சரியாகச் சொல்லுங்க, அது வரலாற்றுக்கு நாம் தர வேண்டிய மரியாதை. அதோடு அந்த நிழலையும் தண்ணீரையும் அமைதியையும் காப்பாத்துங்க. அது இனி வந்து உட்காரப் போகிறவர்களுக்கு நாம் தர வேண்டியது.

41/ அடுத்த தடவை சிதறால் ஏறினால், செல்ஃபி எடுங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எடுத்து முடிச்சுட்டு போனை சைலண்ட்டில் போட்டு, பாறை நிழலில் ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. குணந்தாங்கி குறத்திகள் கேட்ட அதே காற்றுதான் அங்கே அடிக்குது. பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டுவந்துடுங்க.